தேர்த்துகளுக்குக் கீழே நிற்கும் எண்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் சித்தப்பா, நாள்தோறும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது ஒன்றை அனுப்பிவிட்டுத்தான் காப்பியைத் தொடுவார். சென்ற பங்குனியில் ஒரு நாள் அவர் அனுப்பியது பழந்தமிழ்ப் பின்னங்களின் பட்டியல். முந்திரியில் தொடங்கி, கீழ்முந்திரி, இம்மி, மும்மி, அணு என்று இறங்கிக்கொண்டே போய், கடைசி வரியில் தேர்த்துகள் என்ற பெயருக்கு எதிரே ஒன்றின் கீழ் 2323824530227200000000 என்று நின்றது. இருபத்திரண்டு இலக்கங்கள். கோடியைக் கோடியால் பெருக்கி, வந்ததை மறுபடியும் கோடியால் பெருக்கினால் கிடைப்பதைப் போல இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம். தேர் ஓடும்போது சக்கரத்தடியில் எழும் தூசி என்று பெயருக்குப் பொருள் கொள்ளலாம். நெல்லையப்பர் தேரோட்டத்தை ஆனி மாதம் தோறும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தூசியை விளக்க வேண்டியதில்லை.

பட்டியலின் தலையில், நம் முன்னோர் அணுவையே அளந்தவர்கள் என்று ஒரு முழக்கமும் இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம். பாளையங்கோட்டையில் நெடுங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய எனக்கு, முழக்கத்தைவிட அந்த எண்ணின் மீதுதான் கண் போயிற்று. இவ்வளவு பெரிய எண் யாரோ கண்ணை மூடிக்கொண்டு எழுதியதாக இருக்க முடியாது, அது எதையோ பெருக்கிப் பெருக்கி வந்திருக்க வேண்டும், எதைப் பெருக்கினார்கள் என்பதை எண்ணே சொல்லிவிடும் என்று தோன்றியது.

தொடக்கத்தில் இருக்கும் முந்திரி எளியது. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் பாடம் செய்த கீழ்வாய் இலக்கங்கள், அதாவது பின்னங்கள், எல்லாம் இந்த 320-க்குள் மிச்சமின்றி உட்கார்ந்துவிடுகின்றன. அரை என்பது 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, அரைமா 8, காணி 4, அரைக்காணி 2. ஒன்றைப் பாதிபாதியாக அறுத்துக்கொண்டு போகும் கால், அரைக்கால், மாகாணி வரிசையும், இருபதில் ஒன்றான மாவை வைத்துப் போகும் வரிசையும் சண்டையில்லாமல் சந்திக்கும் இடம் இது. 320-ஐப் பகாக் காரணிகளாக உடைத்தால் ஆறு 2-களும் ஒரு 5-ம் மட்டுமே கிடைக்கும். முந்திரியை மறுபடியும் 320 பங்காக்கினால் கீழ்முந்திரி. அதன் கீழே நிற்கும் எண் 102400. இது 320-இன் வர்க்கம். இதற்கு வகுத்திகள், அதாவது இதை மிச்சமின்றி வகுக்கும் எண்கள், 39 உண்டு. வர்க்க எண்களுக்கு மட்டுமே வகுத்திகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும்.

ஆனால் 2-ம் 5-ம் மட்டும் உள்ள எண்ணுக்கு ஒரு குறை இருக்கிறது. மூன்று பேர் பங்குபோட வந்தால் அது கை விரித்துவிடும். கீழ்முந்திரி வரை இறங்கினாலும் மூன்றில் ஒன்றைச் சரியாகச் சொல்ல முடியாது. ஏழில் ஒன்றையும் முடியாது. அடுத்த படியில் அந்தக் குறை ஒரே அடியில் தீர்கிறது: கீழ்முந்திரியை 21 பங்காக்கினால் இம்மி. மூன்றும் ஏழும் சேர்ந்தே உள்ளே வந்துவிட்டன. இம்மியின் எண் 2150400. வகுத்திகள் 39-லிருந்து நான்கு மடங்காகி 156 ஆகின்றன. 'இம்மியளவும் பிசகாது' என்று நாம் பேச்சில் சொல்லும் இம்மி இதுதான்.

இந்த 21 எனக்கு ஏற்கனவே பழக்கமான எண். பிசான அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வரும் நாட்களில், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆச்சி வீட்டில் கணக்கு எப்போதும் கோட்டை என்னும் நெல் அளவில்தான் நடக்கும். பட்டியலைப் பார்த்த அன்று மாலை ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு கோட்டைக்கு எத்தனை மரக்கால் என்று சும்மா கேட்டேன். "இருவத்தோரு மரக்கால்லா, எய்யா. கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாதா?" என்றாள். தெரியும், அவள் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது. கோட்டையின் 21-க்கும் இம்மியின் 21-க்கும் உறவு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் ஏழு நாட்களுக்கும் நெல்லைப் பகிர வேண்டிய வீட்டில் 21 என்பது வசதியான எண் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இம்மிக்குக் கீழே ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்துக்கொண்டே போனேன். மும்மிக்கு 11, அணுவுக்கு 7, குணத்துக்கு 9, பந்தத்துக்கு 5, பாகத்துக்கு 6, விந்தத்துக்கு 7, நாகவிந்தத்துக்கு 17, சிந்தைக்கு 14 என்று எல்லாம் முழு எண்ணாகவே வந்தன. சிந்தையின் எண் 74481555456000. அதற்கடுத்த கதிர்முனையில் வண்டி குடை சாய்ந்தது. பட்டியலில் இருந்த எண் 489631109120000, வகுத்தால் 6.574 என்று ஏதோ வருகிறது. அதற்கடுத்த குரல்வளைப்படியின் எண் 9585244364800000, வகுத்தால் 19.576. பிறகு வெள்ளத்துக்குச் சுத்தமாக 60, நுண்மணலுக்குச் சுத்தமாக 100. கடைசியில் தேர்த்துகளுக்கு மறுபடியும் 40.406 என்று பிசிறு.

இந்த இடத்தில்தான் நான் அவசரப்பட்டேன். வெள்ளமும் நுண்மணலும் ஒழுங்காக இருக்கின்றன, அதற்குப் பின் தேர்த்துகளில் பிசிறு வருகிறது, ஆகவே தேர்த்துகளின் எண் தவறு என்று முடிவு கட்டி, அதைக் குழுவிலும் எழுதிவிட்டேன். "நீ கணக்கு வாத்தியாருலா, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, கடைசி ஐந்து வரிகளில் சரியாக இருந்தது அந்த ஒன்றுதான் என்று. பிழையில்லாத எண்ணைப் பிழை என்று நாற்பது பேர் பார்க்க அறிவித்திருந்தேன்.

கண்டுபிடித்த விதம் ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடியது. அணுவை ஒன்பதால் பெருக்கித்தான் குணம் வருகிறது; எனவே குணத்துக்குப் பின் முழு எண்களால் பெருக்கி வரும் எந்த எண்ணும் ஒன்பதால் மிச்சமின்றி வகுபட வேண்டும். ஒரு எண் ஒன்பதால் வகுபட்டால் அதன் இலக்கங்களின் கூடுதலும் ஒன்பதால் வகுபடும். சிந்தையின் இலக்கங்களைக் கூட்டினால் 54, சரி. கதிர்முனைக்குக் கூட்டினால் 44. ஒன்று குறைகிறது. குரல்வளைப்படிக்கு 58, ஐந்து குறைகிறது. வெள்ளத்துக்கு 60, நுண்மணலுக்கும் 60. இரண்டிலும் மூன்று குறைகிறது. தேர்த்துகளுக்கு 45, எதுவும் குறையவில்லை.

குறைகிற இலக்கத்தை ஒவ்வொரு எண்ணின் தலையிலும் வைத்துப் பார்த்தேன். கதிர்முனை 1489631109120000 ஆயிற்று. சிந்தையை அப்படியே இருபதால் பெருக்கினால் வருவது அதுதான். தலையில் 5 சேர்த்த குரல்வளைப்படி 59585244364800000. இது கதிர்முனையைப் போல் சரியாக நாற்பது மடங்கு. தலையில் 3 சேர்த்த வெள்ளமும் நுண்மணலும் பழையபடியே 60, 100 என்று நின்றன. நுண்மணலிலிருந்து தேர்த்துகளுக்கு இருந்த 40.406 என்ற பிசிறு மறைந்து, துல்லியமாக ஆறரை வந்தது. யாரோ படியெடுத்தபோது நான்கு எண்களில் முதல் இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டிருக்கிறார்கள். அதன் பிறகு அனுப்பியவர்கள் எல்லாம் அப்படியே அனுப்பியிருக்கிறார்கள்.

வெள்ளத்திலும் நுண்மணலிலும் பிழை ஏன் ஒளிந்துகொண்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குரல்வளைப்படியின் தலையில் விழுந்துபோன 5-ஐ அறுபதால் பெருக்கினால் 300. வெள்ளத்தின் தலையில் விழுந்துபோனது சரியாக அந்த 3. நூறால் பெருக்கினால் தலை இலக்கம் மாறாது என்பதால் நுண்மணலிலும் அதே 3. தவறான எண்ணும் அதன் தவறான பேரனும் ஒரே விகிதத்தில் தவறாக இருந்ததால், வகுத்துப் பார்க்கிறவனுக்கு அவை நல்ல பிள்ளைகளாகத் தெரிந்தன. பக்கத்தில் இருப்பதோடு மட்டும் ஒப்பிட்டால் இப்படித்தான் ஏமாற வேண்டிவரும். ஒன்பதின் சோதனையோ ஒவ்வொரு எண்ணையும் தனியே நிறுத்தி விசாரிக்கிறது.

சங்கிலி சரியானதும் தேர்த்துகளின் எண்ணை முழுதாக உடைக்க முடிந்தது. கீழ்முந்திரியின் 102400-ஐ 21, 11, 7, 9, 5, 6, 7, 17, 14, 20, 40, 60, 100, ஆறரை என்று வரிசையாகப் பெருக்கியதே இது. ஆறரை என்பது 13-ஐ இரண்டால் வகுத்தது. ஆகவே அந்தக் கடைசிப் படி ஒரு 13-ஐ உள்ளே கொண்டுவந்து, ஒரு 2-ஐ வெளியே அனுப்புகிறது. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் 2 இருபத்திரண்டு முறை, 3 ஐந்து முறை, 5 எட்டு முறை, 7 நான்கு முறை, அதன் பிறகு 11, 13, 17 ஆகியவை ஒவ்வொரு முறை. பகா எண்களின் வரிசையில் முதல் ஏழும் ஒன்றுகூட விடுபடாமல் வந்திருக்கின்றன. எட்டாவதான 19 இல்லை.

பெருக்கிப் பார்க்காமலே இதில் ஒரு பகுதியைச் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. கடைசி எட்டுச் சுழியங்களை நீக்கிவிட்டு மீதியை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்தால் 23, 238, 245, 302, 272 என்று ஐந்து துண்டுகள். வலமிருந்து ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது துண்டுகளைக் கூட்டினால், அதாவது 272, 245, 23 ஆகியவற்றைக் கூட்டினால், 540. இரண்டாவது, நான்காவது துண்டுகளான 302-ஐயும் 238-ஐயும் கூட்டினால் அதுவும் 540. வித்தியாசம் சுழியம் என்பதால் எண் 1001-ஆல் வகுபடும். 7, 11, 13 மூன்றும் அதற்குள் இருப்பது ஒரே கூட்டலில் உறுதியாகிவிட்டது. மின்சாரம் போன ஓர் இரவில் பழைய வரவுசெலவு நோட்டின் பின்னட்டையில் இதைப் போட்டுப் பார்த்தேன். இரு பக்கமும் 540 வந்தபோது, தராசின் இரு தட்டும் ஒன்றாக நின்றதைப் பார்த்தது போலிருந்தது.

காரணிகள் தெரிந்துவிட்டால் வகுத்திகளை எண்ணுவது எளிது. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டி, வந்தவற்றையெல்லாம் பெருக்க வேண்டும்: 23, 6, 9, 5, பிறகு மூன்று 2-கள். விடை 49,680. 1 முதல் 18 வரை எந்த எண்ணாலும் இது மிச்சமின்றி வகுபடும். நூறு வரை எண்ணிப் பார்த்தேன். 67 எண்கள் இதை வகுக்கின்றன. வகுக்காத 33-ம் 19 அல்லது அதற்கு மேற்பட்ட பகா எண்களும் அவற்றின் மடங்குகளுமே. போதிய பகா எண் கையில் இருந்தும் எண்ணிக்கை பற்றாமல் முதலில் தோற்கும் இடம் 121. அதற்கு இரண்டு 11 வேண்டும், இங்கே இருப்பது ஒன்று.

அப்படியானால் வகுபடுவதற்கென்றே பிறந்த எண் என்று இதைக் கொண்டாடலாமா? அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1915-இல் இராமானுஜன் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்ணை மிகு பகு எண் என்பார்கள். அப்படிப்பட்ட எண்ணில் சிறிய பகா எண் பெரிய பகா எண்ணைவிடக் குறைவான முறை வரக் கூடாது. காரணம் எளியது. நம் எண்ணில் 3 ஐந்து முறையும் 5 எட்டு முறையும் வருகின்றன. இரண்டையும் இடம் மாற்றி 3-ஐ எட்டு முறையும் 5-ஐ ஐந்து முறையும் வைத்தால், வகுத்திகள் அதே 49,680 இருக்கும், எண் மட்டும் நாலரை மடங்குக்கு மேல் சிறுத்துவிடும். தேர்த்துகளின் எண் அந்தத் தேர்வில் தேறவில்லை. பதினெட்டு இலக்கங்களுக்குள் அடங்கும் எண்களில் மிக அதிக வகுத்திகள் கொண்ட 897612484786617600 என்ற எண்ணுக்கு 1,03,680 வகுத்திகள். நான்கு இலக்கம் குறைவாக இருந்தும் இரண்டு மடங்குக்கு மேல். அது 37 வரை உள்ள எல்லாப் பகா எண்களையும் உள்ளே வைத்துக்கொண்டு, 2-க்கு எட்டு இடம் மட்டுமே கொடுக்கிறது. தேர்த்துகளோ 2-க்கு இருபத்திரண்டு இடத்தைக் கொடுத்துவிட்டது. பாதிபாதியாக அறுக்கும் பழக்கமும், இருபது, நாற்பது, நூறு என்று எண்ணும் பழக்கமும் உள்ளவர்கள் வாய்ப்பாடாகச் சொல்லிவந்த எண் வேறு எப்படி இருக்கும்?

அந்த இருபத்திரண்டு 2-களால் ஒரு சின்ன நன்மையும் உண்டு. அவற்றை நீக்கினால் மிஞ்சும் ஒற்றைப்படை எண் பதினைந்து இலக்கங்களுக்குள் அடங்கிவிடுவதால், பெரிய எண்களின் வாலை வழக்கமாக நறுக்கிவிடும் கணினி இந்த 22 இலக்க எண்ணை ஒரு பிசிறும் இல்லாமல் வைத்துக்கொள்கிறது.

சித்தப்பா அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு பின்னத்துக்கும் எதிரே தசம மதிப்பும் இருந்தது. கீழ்முந்திரி வரை அதில் குற்றம் இல்லை. 1/102400 என்பது 0.000009765625 என்று முடிந்துவிடும், ஏனெனில் 2-ம் 5-ம் மட்டும் உள்ள எண்ணால் வகுத்தால் தசமம் எங்காவது நின்றுவிடும். இம்மி முதல் அப்படியில்லை. மூன்றும் ஏழும் புகுந்த பிறகு தசமம் முடிவதே கிடையாது. ஒரு குறிப்பிட்ட துண்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். தேர்த்துகளுக்கு அந்தத் துண்டு எவ்வளவு நீளம் என்று கணக்கிட்டேன். ஏழால் வகுத்தால் 142857 என்ற ஆறு இலக்கங்கள் சுழலும் என்பது பள்ளியிலேயே தெரியும். ஏழை நான்கு முறை பெருக்கிய 2401-ஆல் வகுத்தால் அது 2058 இலக்கங்களாக நீளும். மூன்றை ஐந்து முறை பெருக்கிய 243-க்கு 27 இலக்கங்கள், 17-க்கு 16, 13-க்கு 6, 11-க்கு 2. இவை எல்லாவற்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 1,48,176. அதாவது தேர்த்துகளைத் தசமமாக எழுதத் தொடங்கினால், புள்ளிக்குப் பின் 21 சுழியங்கள், ஒரு 4, அதன் பிறகு 1,48,176 இலக்கங்கள் ஓடி முடிந்துதான் முதல் சுற்று நிறைவடையும். பக்கத்துக்கு 3000 இலக்கம் வீதம் அச்சிட்டால் ஒரு சுற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 50 பக்கம். பின்னமாகச் சொன்னால் தேர்த்துகள் என்ற ஒரு சொல்.

இனி அந்த முழக்கம். பட்டியலில் அணு என்பது 1/165580800. இது ஒரு பின்னம். எதன் பின்னம் என்று சொல்லாத வரை அதற்கு நீளமும் இல்லை, எடையும் இல்லை. ஒரு மீட்டரின் அணு என்று எடுத்துக்கொண்டால் ஆறு நானோமீட்டர் வரும். இயற்பியலின் அணு அதைவிடப் பல மடங்கு சிறியது. ஒரு கோட்டை நெல்லின் அணு என்றால் அதன் கதை வேறு. ஆகவே முன்னோர் அணுவை அளந்தார்கள் என்பதற்கு இந்தப் பட்டியல் சாட்சி ஆகாது. அதைச் சொல்லிக் குழுவில் இரண்டு மச்சான்மாரின் மனவருத்தத்தையும் சம்பாதித்துக்கொண்டேன். ஆனால் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 18 கிராம் தண்ணீரை, அதாவது உள்ளங்கையில் அள்ளும் கொஞ்சம் தாமிரபரணித் தண்ணீரை, தேர்த்துகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 259 மூலக்கூறுகள் இருக்கும். அவ்வளவு நுணுக்கிய பின்னும் பங்கில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது.

திருத்திய பட்டியலையும், தேர்த்துகளைத் தவறென்று சொன்னது என் தவறு என்ற ஒரு வரியையும் குழுவில் போட்டேன். 19-ஆல் வகுபடாது என்பதைப் படித்த சித்தப்பா மறுநாள் ஐந்தரைக்கே அழைத்துவிட்டார். ஆச்சிக்குப் பேரன் பேத்திகள் மொத்தம் 19 பேர்.

"அப்ப நம்ம பிள்ளைகளுக்குப் பங்கு வச்சா எவ்வளவு மிஞ்சும்?"

கணக்கு முந்தின இரவே நோட்டில் இருந்தது. "ஆறு மிஞ்சும், சித்தப்பா. ஆறு தேர்த்துகள்."

"அதை ஆச்சி பேருக்கே எழுதிரு" என்றார்.